மனம் கலங்கும் மனிதர்

எங்கள் பங்குக் கோயிலில் எது புதிதாக ஆரம்பித்தாலும் முதலில் ஒருவருக்கு மனசு கலங்கும். கலங்கியதை அவர் உள்ளே வைத்துக்கொள்ள மாட்டார். பூசை முடிந்ததும், சாமியார் உடுப்பு மாற்றும் அறையின் வாசலில் போய் நிற்பார். வலது கையை விரித்து நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

“சாமி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கே மனசு கலங்குதுன்னா, சின்னப் புள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்?”

அந்த ‘எனக்கே’யில் அவர் முழுவதுமாக அடங்கியிருந்தார். பால் சங்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று அது காட்டிவிடும். தன் மனசை அப்படி ஒரு கருவியாக அவர் நினைத்திருந்தார். ஊரார் நடத்தைக்குள் அதை விட்டுப் பார்ப்பது தன் கடமை என்றும் நினைத்திருந்தார். அந்தக் கருவியிலேயே கோளாறு இருக்குமோ என்று ஒரு தடவைகூட அவர் சந்தேகப்பட்டதில்லை.

பங்குப் பேரவையில் அவர் துணைத் தலைவர். தலைவர் எப்போதும் சாமியார்தான் என்பதால், மற்ற மனிதர்களுக்குள் அவரே முதலாமவர். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்துப் பட்டைக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. கோயில் வாசலில் செருப்பைக்கூட மற்றவர் செருப்போடு விடமாட்டார்; தூணோரம் தனியாக விடுவார். திரும்பி வரும்போது பக்கத்தில் யாராவது ஒரு ஜோடியை விட்டிருந்தால், காலை நுழைக்குமுன் அந்த ஜோடியைச் சற்று நேரம் பார்ப்பார். இப்போது மகனோடு சென்னையில் இருக்கிறார். அங்கே எந்தக் கோயில் அவரைக் கலக்கிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் மரியாதை செய்தது போல ஆகிவிடும்.

நான் நீடாமங்கலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடையைப் பார்ப்பதற்கு முன் வழியைப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அவருடைய வழியைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். முதலில் பார்ப்பார். பிறகு கலங்குவார். பிறகு, கலங்கியதையே சாட்சியாகக் கொண்டுவந்து வைப்பார். எங்கள் மறைக்கல்வியில் துர்மாதிரி என்று ஒரு பாடம் உண்டு. நம் நடத்தையால் இன்னொருவனைப் பாவத்தில் விழச் செய்தால் அதற்கு நாமும் பொறுப்பு என்பது அதன் சாரம். மனிதர்கள் ஒருவரையொருவர் நினைத்து நடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல பாடம். அதை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். விழுகிறவர் அவரே. விழுந்து கிடந்த இடத்திலிருந்து ‘இவள்தான் தள்ளினாள்’ என்று கை நீட்டுகிறவரும் அவரே.

மறைக்கல்வி அறைச் சுவரில் ஏதேன் தோட்டத்தை வரைய திருவிடைமருதூரிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். நல்ல கைக்காரர். ஏவாளின் கூந்தலை முழங்கால் வரை இறக்கி, வேண்டிய இடத்திலெல்லாம் இலைகளை விட்டிருந்தார். இவர் வந்து பார்த்தார், கலங்கினார். கூந்தல் இன்னும் அடர்த்தியாயிற்று. மறுநாள் வந்து பார்த்தபோது தோள் தெரிந்தது. தோளை ஒரு வாழை இலை மூடியது. பிறகு ஆதாமின் தொடை அவரைத் தொந்தரவு செய்தது. அங்கே ஒரு புதர் முளைத்தது. கடைசியில் படம் முடிந்தபோது, தழைக்கு நடுவே இரண்டு தலைகள் மட்டும் எட்டிப் பார்த்தன, வாழைத்தோப்பில் தார் திருட வந்தவர்கள் மாதிரி. ஓவியர் தூரிகையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“டீச்சர், அவரு வீட்டுல கண்ணாடி இருக்குமா? அது முன்னால எப்படி நிப்பாரு?”

என்னைப் பார்த்தும் அவர் கலங்கியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் முதல் வாசகம் வாசித்தேன். மார்கழி ஈரம், தலை காயவில்லை, நுனியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அடுத்த வாரம் வாசகர் பட்டியலில் என் இடத்தில் வேறு ஆள் பெயர் இருந்தது. விசாரித்தபோது சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஈரத் தல...” என்று ஆரம்பித்து அதற்குமேல் சொல்ல முடியாமல் நிறுத்திக்கொண்டார். அப்போது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். எரேமியா இறைவாக்கினர் நாட்டின் அழிவைப் பற்றி அழுதுகொண்டிருந்த பகுதி அது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர் அதையெல்லாம் விட்டுவிட்டு என் கூந்தலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கை கூப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது கை குலுக்கிக்கொண்டார்கள். அதற்கும் கலங்கினார். ஒரு ஞாயிறு அறிவிப்புகளோடு சேர்த்து அவரே மைக்கில் சொன்னார்: “சமாதானத்த மனசால குடுங்க. கையால குடுக்க வேணாம்.”

எதற்கெல்லாம் அவர் மனசு கலங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருத்தன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். அவள் வீங்கிய முகத்தோடு பேரவைக்கு வந்து, நாலு பேர் சேர்ந்து அவனைக் கூப்பிட்டுக் கேட்கும்படி அழுதாள். “அது குடும்ப விவகாரம்மா. ஜெபமால சொல்லு” என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் இருந்தது. அவருடைய ஆட்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எங்கள் தாத்தா அவருடைய தாத்தா வயலில் பண்ணையாளாக இருந்தவர். செத்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. அந்தப் பக்கம் மேடு. இந்தப் பக்கம் பள்ளம். அப்பாவைப் புதைத்த அன்று அடைமழை. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்து ஊற்றிவிட்டுப் பெட்டியை இறக்கினோம். சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டில் நின்று, குடை பிடித்துக்கொண்டு, அவர் எங்களுக்காகச் செபம் சொன்னார். கணீரென்று சொன்னார்.

அவரை நான் முழுவதுமாகப் புரிந்துகொண்டது என் அண்ணன் மகள் கல்யாணத்தில்.

அண்ணன் சவரிமுத்துவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று நிலம். ஒரே மகள் ஜெசிந்தா. நர்ஸ் படித்து கோவாவில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் கத்தோலிக்கன், நல்ல குடும்பம், குடிப் பழக்கம் இல்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொன்னான். பூசையும் விருந்தும் எங்கள் ஊரில் என்று முடிவாயிற்று.

பையனின் அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். வீடியோ அழைப்பில் அவள் ஆங்கிலத்தில் சொல்ல, ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். அவர்கள் ஊரில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாகக் கைகோத்து ஆடுவார்களாம். வால்ட்ஸ் என்று பெயர். பிறகு மாப்பிள்ளை தன் அம்மாவோடு ஆடுவான். அதன் பிறகு பெண்ணின் அப்பா பெண்ணோடு ஆடுவார். பாட்டு முடியும் இடத்தில் அவள் கையை மாப்பிள்ளை கையில் கொடுப்பார். சாமியார் மேடையிலேயே உட்கார்ந்திருப்பாராம்.

“நம்மூருல தார வாக்குற மாதிரிப்பா,” என்றாள் ஜெசிந்தா.

“நான் ஆடலன்னா?”

“குடுக்க மனசில்லன்னு நெனச்சுக்குவாங்களாம்.”

அண்ணி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “உர மூட்ட தூக்குற இடுப்பு. இது எங்க ஆடும்? வேணும்னா ரெண்டு மூட்டையத் தோள்ல ஏத்தி விடு, தானா ஆடும்.”

அண்ணன் சிரிக்கவில்லை. சாயங்காலம் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னான். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

“பாப்பா, இவ பெரியவளான நாள்லேருந்து நான் இவ தோள்ல கை போட்டதில்ல. நம்ம சனத்துல யாரு போட்டா? சொரம் வந்து கெடந்தப்பகூட உங்க அண்ணியத்தான் தொட்டுப் பாக்கச் சொன்னேன். இப்ப அவுங்களே கையப் புடிங்கங்குறாங்க.” துழாவியை நட்டுவைத்துவிட்டு நின்றான். “எனக்கு ஆசையா இருக்கு.”

கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க ஆரம்பித்தபோது ஜெசிந்தா விடுப்பில் வந்துவிட்டாள். நெல் அள்ளிய பிறகு களம் காலியாக இருந்தது. சிமெண்ட் தரை. சாயங்காலமானால் போனில் பாட்டை வைத்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பாள். முதல் நாள் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் காற்றில் வைத்திருந்தான், கொதிக்கிற பானைக்கு மேலே வைத்துப் பார்ப்பது போல. அவள்தான் அந்தக் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தாள்.

“கை சொரசொரன்னு இருக்குமேடி. சேல நூல இழுத்துடாது?”

“இழுக்கட்டும். கால தூக்காதீங்கப்பா, தேய்ங்க.”

“தேய்ச்சா சேத்துல மாட்டிக்கும்.”

“இது களம்ப்பா. வரப்புல நடக்குற மாதிரி நேராவே போறீங்க. பக்கவாட்டுல வைங்க.”

“பக்கத்துல வச்சா அடுத்தவன் வயல்ல எறங்கிடும்டி!”

வாழ்நாள் முழுவதும் வரப்பில் நடந்தவனுக்குப் பக்கவாட்டில் ஓர் அடி வைக்கக் கற்றுக்கொடுப்பது லேசில்லை. ஆனாலும் கால் பழகிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் இருவரும் தடுக்காமல் ஒரு சுற்று முழுவதும் வந்துவிட்டார்கள். அண்ணி அதை போனில் எடுத்தாள். எடுத்தவள், எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். தெருவாரியாகக் கூடிச் செபிப்பவர்களின் குழு அது. அன்றன்றைய இறைவசனமும் பூசை நேரமும் மட்டும் வருகிற இடம். ‘அப்பாவும் மகளும். இயேசுவுக்கே புகழ்’ என்று கீழே எழுதியும் இருந்தாள். பெருமை அவ்வளவு.

பேரவைத் துணைத் தலைவர் என்ற முறையில் அந்தக் குழுவில் அவரும் இருந்தார்.

மறுநாளே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் உள்ளே இருந்தேன். அண்ணன் நாற்காலி போட்டான், அவர் உட்காரவில்லை. அண்ணனும் பேரன் எடுக்கும் வயதை நெருங்கியவன்தான். இருந்தாலும் அவர் அவனை வா, போ என்றுதான் பேசுவார். அவன் அவரை அண்ணே என்பான்.

“சவரி, வீடியோவப் பாத்தேன்.”

“சரிங்கண்ணே.”

“திரும்பத் திரும்பப் பாத்தேன், நம்ம பார்வையில தப்பு இருக்கக் கூடாதேன்னு. மனசு கலங்கிப்போச்சு.”

“எம் பொண்ணுங்கண்ணே அது.”

“அப்பனே ஆனாலும்...” அவர் குரலை இறக்கினார். “வயசுக்கு வந்த பொண்ணு. சதைக்கு அப்பன் மகள்னு தெரியுமா? நான் சொல்லலப்பா. திருச்சபை சொல்லுது.”

அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, மண்டபம் கோயிலுக்குச் சொந்தமானது, ஆட்டம் உண்டென்றால் பேரவை கூடித்தான் முடிவு சொல்லும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல்யாண மாதம்; வேறு மண்டபம் எதுவும் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா களத்தில் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அண்ணன் வரவில்லை. கொல்லைப் பக்கம் கை கழுவிக்கொண்டு நின்றான்.

“வேணாம் பாப்பா. அந்த ஆளு சொன்னதுலேருந்து கை வைக்கவே கூசுது. நான் இத்தன நாளும் எங் கண்ணாலதான் எம் பொண்ணப் பாத்தேன். அந்த ஆளு அவரு கண்ணக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

அவர் செய்த மற்றக் காரியங்களைக் கோமாளித்தனம் என்று தள்ளியிருப்பேன். வாழை இலையையும் ஈரத் தலையையும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை. தன்னிடமிருந்த அழுக்கை எடுத்து, தெரு தாண்டி நடந்து வந்து, ஒரு நல்ல மனிதனின் உள்ளங்கையில் தடவிவிட்டுப் போயிருந்தார். அதைச் செபம் சொல்லுகிற வாயால் செய்தார்.

பேரவை ஞாயிறு பூசைக்குப் பிறகு கூடியது. மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் நானும் அதில் இருந்தேன். எங்கள் சாமியார் வயதில் இளையவர். கிளைக் கிராமங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்வந்து எப்போதும் களைத்திருப்பார். அவர்தான் முதலில் பேசினார். ‘அவர்’ என்றால் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

“மண்டபம் கோயில் வளாகத்துல இருக்கு சாமி. அங்க கட்டிப்புடிச்சு ஆடுனா, நாளைக்கு அதே எடத்துல தவக்காலத் தியானம் எப்படி வைக்கிறது?”

“கழுவிவிட்டு வைக்கலாம்,” என்றார் சாமியார். “இப்பவும் பிரியாணி சாப்புட்ட எடத்துலதான வைக்கிறோம்.”

“வெளையாட்டு இல்ல சாமி. அந்தக் காலத்துல இந்த வெள்ளைக்கார ஆட்டத்துக்குப் போனவங்களுக்குச் சாமியாருங்க பாவமன்னிப்பே குடுக்க மாட்டாங்க.”

அதில் பாதி உண்மை இருந்தது. கட்டியணைத்து ஆடும் ஆட்டங்களை ஒரு காலத்தில் சில தேசத்து ஆயர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். பிற்பாடு அதே தேசங்களில் பங்கு மண்டபத்திலேயே சாமியார் முன்னிலையில் நடன விருந்து வைத்துக் கோயிலுக்கு நிதி சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு எப்போதும் முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

“தாவீது ராசா உடன்படிக்கைப் பேழைக்கு முன்னால ஆடியிருக்காருங்களே,” என்றேன்.

“அவரு தனியா ஆடுனாரு டீச்சர். யாரையும் தொடல.”

“அதையும் சன்னல்ல நின்னு பாத்து ஒருத்திக்கு மனசு கலங்குச்சு. வேதாகமம் ஆடுனவர விட்டுட்டு அவளத்தான் குத்தஞ்சொல்லுது.”

சாமியார் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆடுறது தன்னாலேயே பாவம்னு திருச்சபை சொல்றதில்லண்ணே. யாரு ஆடுறா, எந்த மனசோட ஆடுறா, எப்படி ஆடுறா, அதத்தான் கேக்குது. ஒருத்தருக்கு அது பாவத்துக்குச் சந்தர்ப்பமா ஆச்சுன்னா, அந்தச் சந்தர்ப்பத்த விட்டு வெலகுறது அவரோட கடம. இங்க யாருக்கு அப்படி ஆவுது?”

சாமியார் அவர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு ஆவுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அன்னைக்குச் சாயங்காலம் நீங்க வீட்டுல இருந்துக்குங்க. சாப்பாட்ட சவரிகிட்டச் சொல்லிக் குடுத்தனுப்புறேன்.”

அவர் முகம் வெளுத்தது. “நான் எனக்காகக் கலங்கல சாமி. ஊருக்காகக் கலங்குறேன்.”

“ஊருக்கு வாய் இருக்குண்ணே. அதுவே வந்து சொல்லட்டும்.”

மண்டபம் கிடைத்தது. ஆனால் அண்ணன் இன்னும் களத்துப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவனே சொன்னான்.

“மகளோட ஆடுனத பாவம்னு சொல்லிப் பாத்தேன். ‘இதுக்கு மன்னிப்புக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லையேப்பா. வேற எதாச்சும் பாவம் இருந்தா சொல்லு’ன்னாரு சாமி.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள் அண்ணி.

“பக்கத்து வயக்காரனுக்குத் தெரியாம மடையத் தொறந்து நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுனத சொன்னேன். அதுக்கு ஒரு ஜெபமால போட்டாரு.”

அண்ணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான். “ஜெசி, போன எடுத்துக்கிட்டு வாம்மா,” என்று சொல்லிக்கொண்டே களத்தைப் பார்த்து நடந்தான்.

விருந்து அன்று அவர் வந்திருந்தார். வருவார் என்று எனக்குத் தெரியும். கலங்குவதற்குக் கிடைத்த இடத்தை அவர் எப்படி விடுவார்? “நாளைக்கு நாலு பேரு கேட்டா, என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல” என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்களுக்குப் போட்டிருந்த வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நேர் பின்னால் பெண்கள் வரிசையில் அவர் மனைவி. அந்த அம்மாள் பேசி நான் கேட்டதே அபூர்வம். யார் எது கேட்டாலும் முதலில் கணவர் முகத்தைப் பார்ப்பார். அவரே பதில் சொல்லிவிடுவார்.

நடுவில் நாற்காலிகளை விலக்கி இடம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் ஜெசிந்தாவும் ஆடினார்கள். எங்கள் ஆட்களில் பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். மாப்பிள்ளை தன் அம்மாவோடு ஆடினான். அவள் பருத்த உடம்புக்காரி. தரையில் கால் படாதவள் போல ஆடினாள். விசில் நின்று, கைதட்டல் வந்தது. பிறகு அண்ணன் எழுந்தான். பேண்ட் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பட்டு வேட்டி, வெறுங்கால். நடுவில் போய் நின்றான். ஒரு கணம் அந்தக் கை மறுபடியும் காற்றிலேயே நின்றது. பிறகு அது அவள் முதுகில் படிந்தது.

நன்றாக ஆடினான் என்று சொல்லமாட்டேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது, அடியை எண்ணுகிறான் என்று தெரிந்தது. ஆனால் வரப்பில் நடப்பவன் போல ஆடவில்லை. ஒரு சுற்று முடித்து எங்கள் பக்கம் திரும்பியபோது முன்வரிசையில் அவர் எழுந்து நின்றார். கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

“சவரி, போதும்ப்பா. பெத்த மகளத் தொட்டு ஆடுற கூத்த இந்த ஊரு பாத்ததில்ல. எனக்கே மனசு...”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் தோள் விறைத்தது. அண்ணன் கையை எடுக்கவில்லை, காலையும் நிறுத்தவில்லை. அவர் முன்னால் வந்தபோது, வயலில் பக்கத்து ஆளிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னான்:

“கண்ண மூடிக்குங்கண்ணே. நானே வந்து மூடிவிட்டிருப்பேன், ரெண்டு கையும் வேலையா இருக்கு.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு மண்டபமே சிரித்தது. சாமியார் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். ஜெசிந்தா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று மாப்பிள்ளையின் அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்க யாருக்கும் நேரமில்லை. அவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். நெஞ்சில் வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே வைத்திருந்தார்.

பாட்டு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை ஓரத்திலிருந்து வந்து கையை நீட்டினான். அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது அவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் கொடுக்க மனம் வரவில்லையா என்று நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை புரிந்துகொண்டு, நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். வெறும் தரையில் வெறுங்கால் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாட்டுதான் முடிஞ்சுபோச்சே...” என்று அவர் ஆரம்பித்தார்.

பின்னால் இருந்து ஒரு கை நீண்டு அவருடைய சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தது. அவர் மனைவி. கண் அவர் முகத்தில் இல்லை; நடுவில் ஆடிக்கொண்டிருந்த இருவர் மேல் இருந்தது.

“உக்காருங்க,” என்றார் அந்த அம்மாள். “மறைக்குது.”